ஹென்ரியட்டா தெரு, எண் 14: ஒரு பிரபுவின் வீடு நூறு பேரின் வீடான கதை

டப்ளினில் லிஃபி ஆற்றுக்கு வடக்கே, பால்டன் தெருவிலிருந்து மேடேறிப் போய் ஒரு வளைவு வாசலில் முட்டி நிற்கும் சின்னத் தெரு ஹென்ரியட்டா தெரு. கல் பாவிய தரை, இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டி உயர்ந்து நிற்கும் செங்கல் வீடுகள். அவற்றில் 14-ம் எண் வீடு 1740களின் கடைசியில் கட்டப்பட்டது. முதலில் குடிவந்தது ஒரு பிரபுவின் குடும்பம். அதே வீட்டில் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 17 குடும்பங்களைச் சேர்ந்த நூறு பேர் இருந்தார்கள். இடையில் யாரும் அதை இடித்துக் கட்டவில்லை, மாடி மேல் மாடி எழுப்பவும் இல்லை. அதே சுவர்கள், அதே கூரை.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் கிடைக்கும் வழக்கமான பதில் சுருக்கமானது: 1801-ல் டப்ளின் தன் பாராளுமன்றத்தை இழந்தது, பணக்காரர்கள் லண்டனுக்குப் போனார்கள், அவர்கள் விட்டுப்போன வீடுகளில் ஏழைகள் புகுந்தார்கள். பொய் இல்லை. ஆனால் காலி வீடு என்பதாலேயே எந்த வீடும் ஒண்டுக்குடித்தனமாகிவிடாது. பத்தொன்பது பங்காகப் பிரித்து வாடகைக்கு விட வேண்டும் என்றால், பிரிப்பதற்கு அந்த வீடு இடம் கொடுக்க வேண்டும். 14-ம் எண் வீடு இடம் கொடுத்தது. பிரபுக்களுக்காக எதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டினார்களோ, அதுவேதான் பின்னால் அதைக் கூறுபோடச் சுலபமாக்கியது. இந்த வீட்டைச் சொந்தக்காரர்களின் வரிசையாக மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. வரைபடத்தையும் கூடவே படிக்க வேண்டும்.

தெருவை உருவாக்கியவர்

லூக் கார்டினர் எங்கிருந்து வந்தார் என்பதை அவர் காலத்து மேட்டுக்குடியினர் மறக்கவில்லை. எளிய குடும்பத்தில் பிறந்தவர். வங்கித் தொழிலில் பணம் சேர்த்தார், அரசுக் கருவூலத்தில் பெரிய பதவி வகித்தார், பாராளுமன்ற உறுப்பினரானார், மவுண்ட்ஜாய் பிரபுக் குடும்பத்தோடு தொடர்புள்ள வீட்டில் பெண் எடுத்தார். 1710களிலிருந்தே ஆற்றின் வடகரையில் நிலங்களை வாங்கிச் சேர்த்தவர், 1720களில் ஹென்ரியட்டா தெருவை வகுத்தார். ஜார்ஜ் என்ற பெயருள்ள அரசர்களின் காலத்துப் பாணியான ஜார்ஜியன் பாணியில் எழுந்த டப்ளின் தெருக்களில் இதுதான் மிகப் பழையது. பிற்காலத்தில் அந்நகருக்கே அடையாளமாகிப் போன சதுக்கங்களும் நீண்ட செங்கல் வரிசைகளும் இதற்குப் பிறகு வந்தவைதான்.

நிலத்தை அளந்து விற்பதோடு கார்டினர் நின்றிருந்தால் தெரு வேறு மாதிரி ஆகியிருக்கும். முதலில் யார் குடிவர வேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார். அர்மா பேராயர் ஹியூ போல்டர் தெருவின் மேல்கோடியில் மாளிகை எழுப்பினார். அயர்லாந்துத் திருச்சபையின் தலைவரே வந்துவிட்ட பிறகு மற்றவர்களை அழைக்கவா வேண்டும்? ஊர்க்காரர்கள் அந்த மேட்டையே பேராயர் மேடு என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். 9-ம் எண் வீடு, உயர் நீதித்துறைப் பதவியில் இருந்த தாமஸ் கார்ட்டருக்காக 1730களின் தொடக்கத்தில் எழுந்தது. அதை வடிவமைத்தவர், டப்ளின் பாராளுமன்றக் கட்டடத்தை வரைந்த எட்வர்ட் லவெட் பியர்ஸ். கார்டினர் தனக்கென்று வைத்துக்கொண்டது பக்கத்து வீடான 10-ம் எண்.

13, 14, 15 மூன்றும் கடைசிக் கட்டத்தில் வந்தவை. 1740களின் பிற்பகுதியில் மூன்றையும் ஒரே வரிசையாகக் கட்டியவர் கார்டினரேதான். தான் குடியிருக்க அல்ல, வேறு பெரிய மனிதர்களைக் குடிவைத்துப் பணம் பார்க்க. ஆக, 14-ம் எண் வீடு பிறக்கும்போதே முதலீடாகத்தான் பிறந்தது. அதன் பிற்காலக் கதையை வீழ்ச்சி என்று மட்டுமே எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1748-ல் கார்டினர் போட்ட கணக்கும், பின்னால் 1876-ல் இந்த வீட்டை வாங்கிக் குடித்தனங்களாகப் பிரித்த தாமஸ் வான்ஸ் போட்ட கணக்கும் ஒரே வகைக் கணக்கு. வாடகைக்கு வந்த ஆட்கள்தான் வேறு.

வீட்டின் அமைப்பு

தெருவிலிருந்து பார்த்தால் வீடு தன்னைக் காட்டிக்கொள்ளாது. தட்டையான செங்கல் முகப்பு, அதில் ஒழுங்காக வெட்டிய சன்னல்கள், அவ்வளவுதான். தூண் வரிசையோ சிற்பமோ கிடையாது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பலேடியோவின் வழியில் வந்த பலேடியன் பாணியை ஊர்ப்புற மாளிகைகளில் பின்பற்றியவர்கள் முன்னால் தூண் மண்டபம் வைத்தார்கள். நகரத்து வீட்டில் அந்தப் பாணி அளவுகளில் மட்டும்தான் தெரியும்: எந்தத் தளத்துக்கு எவ்வளவு உயரம், சன்னலுக்கும் சுவருக்கும் என்ன விகிதம். செலவும் அலங்காரமும் உள்ளேதான்.

தரைக்குக் கீழே நிலவறைத் தளம், அதற்கு மேல் நான்கு தளங்கள். நிலவறையில் சமையல், சரக்கு, வேலைக்காரர்கள். தரைத்தளத்தில் கூடமும் சாப்பாட்டு அறைகளும். அதற்கு மேலே உள்ள முதல் தளம்தான் வீட்டின் மகுடம். விருந்தினரை வரவேற்கும் பெரிய அறைகள் அங்கே இருந்தன. உத்தரம் மிக உயரம், சன்னல்களும் உயரம், சுவர் விளிம்பு முழுக்கச் சுதைவேலை. அதற்கு மேலே படுக்கையறைகள், உச்சியில் பிள்ளைகளும் பணியாட்களும். வீட்டுக்குப் பின்னால் முற்றம், அதன் கோடியில் கோச்சு வண்டிக் கொட்டகை. ஒரு மனிதர் இந்த வீட்டில் எந்தத் தளம் வரை ஏறலாம் என்பதிலேயே அவருடைய தகுதி தெரிந்துவிடும்.

நம் கேள்விக்கு இந்த அமைப்பில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, படிக்கட்டுகள். வீட்டில் இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. முன்கூடத்தில் இரண்டு தள உயரத்துக்குத் திறந்த வெளி, அதில் வரவேற்புத் தளம் வரை மட்டும் ஏறிய அகலமான பெரிய படிக்கட்டு. பின்பக்கத்தில் அடியிலிருந்து உச்சி வரை போகும் சாதாரணப் படிக்கட்டு. தண்ணீர்க் குடம், நிலக்கரி, அழுக்குத் துணி, இரவுக்கழிவு எல்லாம் விருந்தினர் கண்ணில் படாமல் பின்படி வழியாகப் போய் வந்தன. வீடு இயங்குவதற்குப் பின்படி வேண்டும். முன்படி பிரமிப்புக்காக. அந்தப் பிரமிப்பு தேவைப்படாத காலம் வந்தபோது முன்படியை அப்படியே பிடுங்கி எடுத்துவிடலாம், வீட்டில் எந்த அறையும் எட்டாமல் போகாது. அதுதான் நடந்தது. படிக்கட்டு போன இடத்தில் தளம் போட்டு அறைகளாக்கினார்கள்.

இரண்டாவது, கணப்புகள். பிரபுக்கள் வீட்டில் ஒவ்வொரு முக்கிய அறைக்கும் தனிக் கணப்பும் புகைபோக்கியும் உண்டு. குளிர் நாட்டில் அது வசதி, அந்தஸ்தும்கூட. ஆனால் நெருப்பு மூட்டவும் புகை வெளியேறவும் வழியுள்ள ஓர் அறை, ஒரு குடும்பத்துக்குச் சமையலறையாகவும் ஆகலாம், கூடமாகவும் படுக்கையறையாகவும் ஆகலாம். ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று டப்ளின் வீட்டுக்காரர்களால் பிரிக்க முடிந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, அளவு. அறைகள் அத்தனை பெரியவை என்பதால் நடுவே மெல்லிய தடுப்புச் சுவர் எழுப்பி இரண்டாக்க முடிந்தது. உத்தரம் உயரம் என்பதால் அப்படி வெட்டிய துண்டும் அடைசலாகத் தெரியாது. பார்க்கிறவருக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். குடியிருக்கிறவருக்கு அந்த உயரம் சாபம். ஒரு வாளி நிலக்கரியின் சூடு முழுக்க உத்தரத்துக்கு ஏறிப் போய்விடும், கீழே பிள்ளைகள் நடுங்குவார்கள்.

பிரபுக்களின் ஐம்பது வருடம்

முதலில் குடிவந்தவர் மூன்றாம் விஸ்கவுண்ட் மோல்ஸ்வொர்த் ரிச்சர்ட். 1706-ல் ராமிலி போர்க்களத்தில் ஆங்கிலத் தளபதி மால்பரோ கோமகன் குதிரையிலிருந்து விழுந்தபோது தன் குதிரையைக் கொடுத்துக் காப்பாற்றிய இளம் அதிகாரி இவர்தான். இந்த வீட்டுக்கு வரும்போது வயதானவர், அயர்லாந்துப் படையின் மூத்த தளபதிகளில் ஒருவர். இரண்டாம் மனைவி மேரி ஜென்னி அஷர் அவரைவிடப் பல வயது இளையவர். இவர்களின் இரண்டு மகள்கள் இந்த வீட்டிலேயே பிறந்தார்கள். ரிச்சர்ட் 1758-ல் இறந்தார். அதன் பிறகு லண்டனில் வசித்த மேரியும் மகள்களில் இருவரும் 1763 மே மாதம் அப்பர் புரூக் தெரு வீட்டில் பற்றிய தீயில் இறந்துபோனார்கள். சன்னல் வழியாகக் குதித்த மகள் ஹென்ரியட்டா உயிர் பிழைத்தாள். ஆனால் ஒரு காலை இழந்தாள்.

மோல்ஸ்வொர்த்துக்குப் பிறகு வந்தவர்களில் அதிகம் பேசப்பட வேண்டியவர் லார்டு சான்சலர் ஜான் போவ்ஸ். இங்கிலாந்துக்காரர், அயர்லாந்து நீதித்துறையின் உச்சப் பதவிக்கு 1757-ல் வந்தவர். கத்தோலிக்கர்களை நிலம், பதவி, படிப்பு எல்லாவற்றிலிருந்தும் தள்ளிவைத்த தண்டனைச் சட்டங்கள் அப்போது நடப்பில் இருந்தன. அயர்லாந்துக் கத்தோலிக்கன் என்று ஒருவன் இருப்பதாகவே சட்டம் கருதுவதில்லை என்ற பேர்போன கூற்று இவர் பெயரில்தான் வழங்குகிறது. 1759 டிசம்பரில் அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைக்கப் போகிறார்கள் என்று வதந்தி பரவியது. டப்ளின் கூட்டம் பாராளுமன்றத்தைச் சூழ்ந்துகொண்டு, போவ்ஸை வண்டியிலிருந்து இறக்கி, இணைப்பை எதிர்ப்பேன் என்று சத்தியம் செய்யவைத்தது. 1767-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

அடுத்து சர் லூசியஸ் ஓபிரையன், கிளேர் மாவட்டத்தின் டிரோமோலண்ட் கோட்டைக்காரர், பாராளுமன்றத்தில் அயர்லாந்தின் வணிக உரிமைக்காகப் பேசியவர். அவருடைய பேரன் வில்லியம் ஸ்மித் ஓபிரையன் 1848 கிளர்ச்சியின் தலைவராகி நாடு கடத்தப்பட்டார். குளோகர் பிஷப் ஜான் ஹோத்தம், பன்னிரண்டாம் விஸ்கவுண்ட் டில்லன் சார்லஸ் ஆகியோரும் இங்கே இருந்தார்கள். டில்லன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். பிரெஞ்சு அரசனின் படையில் அவர்கள் பெயரிலேயே ஒரு ரெஜிமென்ட் இருந்தது. சார்லஸ் மதம் மாறி அரசின் புராட்டஸ்டன்ட் திருச்சபையில் சேர்ந்தார், அப்போதுதான் அயர்லாந்து அரசியலில் அவருக்கு வழி திறந்தது. ஒரு படைத்தலைவர், ஒரு நீதிபதி, ஒரு நிலப்பிரபு, ஒரு பிஷப், மதம் மாறிய ஒரு பிரபு. பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தை யார் ஆண்டார்கள் என்று கேட்டால் இந்த ஒரு வீட்டின் குடியிருப்போர் வரிசையைக் காட்டினால் போதும்.

இவர்கள் யாருக்கும் இது பரம்பரை வீடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரம்பரை வீடும் நிலமும் ஊர்ப்புறத்தில் இருந்தன. பாராளுமன்றம் கூடும் குளிர்காலத்தில் தங்க, விருந்து கொடுக்க, ஆள் பிடிக்கத்தான் டப்ளின் வீடு. பாராளுமன்றம் இல்லாவிட்டால் இந்த வீட்டுக்கும் வேலை இல்லை.

வக்கீல்கள், நீதிமன்றம், படைமுகாம்

அயர்லாந்தைப் பிரிட்டனோடு சேர்த்து டப்ளின் பாராளுமன்றத்தை ஒழித்த இணைப்புச் சட்டம் 1800-ல் நிறைவேறியது, 1801 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. பிரபுக்கள் ஒரே நாளில் போய்விடவில்லை, ஆனால் போனவர்கள் திரும்பவில்லை. அதே 1800-ல் தெருவின் மேல்கோடியில் வழக்குரைஞர்களின் அமைப்பான கிங்ஸ் இன்ஸுக்கு ஜேம்ஸ் காண்டன் கட்டடம் தொடங்கினார். கம்பீரமான கட்டடம்தான், ஆனால் முகத்தை மேற்கே வைத்துக்கொண்டு ஹென்ரியட்டா தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது. பேராயரின் மாளிகையும் பின்னால் இடிக்கப்பட்டு, அங்கே கிங்ஸ் இன்ஸ் நூலகம் வந்தது. தெரு சட்டத்துறையினரின் தெருவானது. 14-ல் 1850 வரை பீட்டர் வாரன் என்ற சொலிசிட்டரும், ஜான் மூர் என்ற நீதிமன்ற அதிகாரியும் இருந்தார்கள்.

1850-ல் வந்த குடித்தனக்காரர் மனிதர் இல்லை, ஒரு நீதிமன்றம். கடன்பட்ட எஸ்டேட்களுக்கான நீதிமன்றம். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் நாட்டைவிட்டுப் போனார்கள். குத்தகை வராமல், ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த நிலப்பிரபுக்கள் திவாலானார்கள். வில்லங்கமும் அடமானமும் சிக்கிய நிலத்தை யார் வாங்குவார்? அந்தச் சிக்கலை அறுத்து, வாங்குகிறவருக்குச் சுத்தமான பத்திரம் கொடுப்பதற்காக 1849 சட்டத்தின் கீழ் இந்த நீதிமன்றம் அமைந்தது. பத்தாண்டுக்குள் மூவாயிரத்துக்கும் அதிகமான எஸ்டேட்கள் அதன் வழியாகக் கைமாறின.

இந்த வீட்டின் வரலாற்றில் என்னை அதிகம் பாதிக்கும் பகுதி இதுதான். மோல்ஸ்வொர்த்தும் ஓபிரையனும் டில்லனும் விருந்து கொடுத்த அறைகளில் உட்கார்ந்து, அவர்களைப் போன்றவர்களின் நிலங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் நகரத்து வியாபாரிகளும் வக்கீல்களும். புதுச் சொந்தக்காரர் போட்ட பணத்தை எடுக்க வாடகையை உயர்த்தினார், குத்தகைக்காரரை வெளியேற்றினார். வெளியேற்றப்பட்டவர்களில் கப்பலுக்குப் பணம் இருந்தவர்கள் அமெரிக்கா போனார்கள், இல்லாதவர்கள் டப்ளினுக்கு நடந்தார்கள். பஞ்சத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 36,000 கூடியது. அவர்களுக்குத் தங்க மலிவான இடம் தேவைப்பட்டது. கார்டினர் குடும்பமும் தப்பவில்லை. அவருடைய கொள்ளுப்பேரனான ப்ளெசிங்டன் பிரபு பாரிஸிலும் இத்தாலியிலும் செலவழித்து, பெரும் கடனோடு 1829-ல் இறந்தார். நகரத்தின் வடகரையில் பெரும்பகுதியாக இருந்த சொத்து 1840களில் விற்பனைக்கு வந்தது.

1860களில் டப்ளின் மிலிஷியா என்ற துணைப்படை வீட்டைத் தங்குமிடமாக எடுத்துக்கொண்டது, 1876 வரை இருந்தது.

தாமஸ் வான்ஸ் வாங்கிய பிறகு

1876-ல் தாமஸ் வான்ஸ் வீட்டை வாங்கினார். ஓர் அறை, மூன்று அறை, நான்கு அறை என்று 19 குடித்தனங்களாகப் பிரித்தார். 1877-ல் பத்திரிகையில் அவர் கொடுத்த விளம்பரம் இன்றும் கிடைக்கிறது. மரியாதையான குடும்பங்களுக்கு வாடகைக்கு என்று ஆரம்பித்து, புதிதாகக் காகிதம் ஒட்டி வண்ணம் பூசிய அறைகள், எரிவாயு விளக்கு, மாடிப்படி முகப்புகளில் கழிப்பறை, வார்ட்ரி தண்ணீர், துணி காயப்போட முற்றம், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பு என்று அடுக்கிக்கொண்டு போகிறது. வார்ட்ரி தண்ணீர் என்பது விக்லோ மலைப்பக்கத்திலிருந்து குழாயில் வந்த நல்ல தண்ணீர், அந்த நாளில் அதற்குப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. பின்னால் இருந்த வண்டிக் கொட்டகையையும் பட்டறையாக வாடகைக்கு விட்டார்.

ஆரம்பத்தில் வான்ஸ் செய்ததை மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். தொழிலாளர் குடும்பத்துக்குத் தண்ணீரும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வீடு டப்ளினில் அப்போது அபூர்வம். கெட்டது அதற்குப் பிறகு நடந்தது. நகரத்தில் தொழிற்சாலை வேலை குறைவு, கூலி குறைவு, வருகிற கூட்டமோ குறையவில்லை. ஒரு குடும்பத்தால் மூன்று அறை வாடகை கட்ட முடியாதபோது அந்த மூன்றில் மூன்று குடும்பங்கள் வந்தன. வீட்டுக்காரருக்கு மொத்த வரும்படி கூடியது, பழுதுபார்க்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை.

தெருவின் மற்ற வீடுகளில் இதைவிட வெளிப்படையான கொள்ளை. 1890களில் டப்ளின் மேயராக இருந்த ஜோசப் மீட் இந்தத் தெருவில் பல வீடுகளை வாங்கி, பளிங்குக் கணப்பு முகப்புகளைக் கழற்றி லண்டனில் விற்றார், படிக்கட்டுகளை எடுத்துவிட்டு இன்னும் அறைகள் சேர்த்தார். நகரத்தின் முதல் குடிமகனே இப்படி என்றால் வீடுகளைச் சோதிக்க வேண்டிய மாநகராட்சி எப்படிச் சோதித்திருக்கும்?

1911-க்கு வருவோம். நூறு பேர், பதினேழு குடும்பங்கள். தெரு முழுவதும் எண்ணூறுக்கும் மேற்பட்டோர். 14-ல் இருந்தவர்கள் எல்லோரும் வேலையற்ற பஞ்சைகள் என்று நினைத்தால் தவறு. தொப்பி தைக்கிறவர்கள், உடை தைக்கிறவர்கள், மரச்சாமானுக்கு மெருகு போடுகிறவர்கள், புத்தகம் கட்டுகிறவர்கள் என்று கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கிறார்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள்கூட ஓர் அறைக்கு மேல் கட்டுப்படியாகாத நிலையில் இருந்தார்கள் என்பதுதான் டப்ளினின் நிலைமை. பலர் அந்த அறையிலேயே தொழிலையும் செய்திருப்பார்கள்.

1913 செப்டம்பர் 2 இரவு, சற்றுத் தள்ளி இருக்கும் சர்ச் தெருவில் இரண்டு ஒண்டுக்குடித்தன வீடுகள் இடிந்து ஏழு பேர் செத்தார்கள். அதைத் தொடர்ந்து அரசு விசாரணைக் குழு அமைந்தது. 1914-ல் வெளியான அறிக்கையின்படி நகரத்தில் 5,322 ஒண்டுக்குடித்தன வீடுகள், அவற்றில் 25,822 குடும்பங்கள், 87,305 பேர். அந்தக் குடும்பங்களில் 20,108 ஒரே அறையில் வாழ்ந்தன. மாநகராட்சி உறுப்பினர்கள் பலரே இப்படிப்பட்ட வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் என்பதும் அந்த விசாரணையில்தான் அம்பலமானது. அறிக்கை வந்த ஆண்டிலேயே உலகப் போர் தொடங்கியது. வீடு கட்டும் திட்டங்கள் ஒதுங்கிப் போயின.

வீட்டுக்குள் அன்றாடம் எப்படி இருந்தது என்பதைச் சுவர்களே சொல்கின்றன. கூடத்துக்கும் பின்படிக்கும் இரண்டு நிறம்: ஒன்று செங்காவி, மற்றது ரெக்கிட் நீலம், அதாவது வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம். டப்ளின் ஒண்டுக்குடித்தனங்களில் பொது இடங்களுக்கு வழக்கமாகப் பூசியவை இவைதான், காரணம் இவற்றைவிட மலிவாக எதுவும் இல்லை. நம் வீடுகளில் ராபின் நீலம் என்று வாங்கினோமே, அதுவும் அதே ரெக்கிட் கம்பெனிச் சரக்குதான். படிகள் நடந்து நடந்து குழிந்திருக்கின்றன. தண்ணீர் தூக்குவதும் கழிவு வாளி இறக்குவதும் இதே பின்படியில்தான். நூற்றைம்பது வருடம் முன்பு பணியாட்கள் செய்ததை இப்போது குடித்தனப் பெண்கள் செய்தார்கள். அறைகளுக்குள் மட்டும் அவரவர் ரசனை. பூப்போட்ட சுவர்க் காகிதம், அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. தரையில் லினோலியம், அதுவும் அடுக்கடுக்காக. ஒவ்வொரு அடுக்கும் யாரோ கூலியில் மிச்சம்பிடித்து வாங்கியது.

காலியான விதம்

அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டுச் சுதந்திர அரசு வந்த பிறகு மரினோ, கிரம்லின், கப்ரா என்று புறநகர்க் குடியிருப்புகள் எழுந்தன. 1932 முதல் 1948 வரை மாநகராட்சியின் வீட்டுவசதிக் கட்டடக் கலைஞராக இருந்த ஹெர்பர்ட் சிம்ஸ் காலத்தில் மட்டும் ஏறத்தாழ 17,000 வீடுகள். அவர் கட்டிய அடுக்குமாடிகளில் ஒன்றான ஹென்ரியட்டா ஹவுஸ் இந்தத் தெருவுக்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. அப்படியும் 14-ம் எண் வீடு காலியாகவில்லை. பலருக்குப் புறநகர் பிடிக்கவில்லை. சந்தை, வேலை, அடகுக்கடை, தேவாலயம், சொந்தபந்தம் எல்லாம் இங்கே நடந்து போகும் தூரத்தில் இருந்தன. அங்கே கழிப்பறையும் தோட்டமும் கிடைத்தன, ஆனால் பஸ் கட்டணம் கொடுத்துத்தான் எங்கேயும் போக வேண்டும்.

1963 ஜூன் மாதம் தெருவின் கீழ்க்கோடியில் உள்ள பால்டன் தெருவிலேயே ஒரு பழைய வீடு இடிந்து வயதான தம்பதி இறந்தார்கள். சில நாளில் ஃபீனியன் தெருவில் இன்னொரு வீடு இடிந்து இரண்டு சிறுமிகள் செத்தார்கள். பயந்துபோன மாநகராட்சி ஆபத்தான கட்டடம் என்று அறிவித்து நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றியது. ஜார்ஜியன் வீடுகள் பலவற்றை இடித்தது. வெளியேறியவர்களுக்கு இடம் தேடித்தான் பாலிமன் கோபுரக் குடியிருப்புகள் வந்தன. ஹென்ரியட்டா தெரு இடிப்புக்குத் தப்பியது. 14-லிருந்து கடைசிக் குடும்பம் 1970களின் பிற்பகுதியில் வெளியேறியது. அதன் பிறகு ஒழுகும் கூரையும் புறாக்களும்தான். நூறு பேரின் சுமையைத் தாங்கிய வீடு, ஆளில்லாத இருபது வருடத்தில் இடியும் நிலைக்கு வந்தது.

எந்த ஆண்டுக்கு மீட்பது?

2000-ல் டப்ளின் மாநகராட்சி வீட்டைக் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கியது. 2006-ல் தெரு முழுவதற்கும் பாதுகாப்புத் திட்டம் தயாரானது. கட்டட வேலையை ஷாஃப்ரி கட்டடக் கலை நிறுவனம் ஏற்றது. விழப்போகும் சுவர்களைத் தாங்கி, அழுகிய மரங்களை மாற்றி, கூரையை அடைத்து வீட்டை நிலைப்படுத்தவே ஆண்டுகள் பிடித்தன. அருங்காட்சியகம் 2018 செப்டம்பரில் திறந்தது.

இப்படிப்பட்ட வேலையில் உண்மையான சிக்கல் பணம் இல்லை. எந்த ஆண்டுக்கு மீட்பது என்பதுதான். 1750-க்குத் திருப்பலாம். அப்படியென்றால் தடுப்புகளை இடிக்க வேண்டும், லினோலியத்தை உரிக்க வேண்டும், செங்காவியைச் சுரண்ட வேண்டும், பெரிய படிக்கட்டைப் புதிதாகச் செய்து வைக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கும், சுற்றுலாப் பயணிகளுக்கும் பிடிக்கும். ஆனால் பிரபுக்கள் இந்த வீட்டைப் பயன்படுத்தியது சுமார் ஐம்பது வருடம். ஒண்டுக்குடித்தனக்காரர்கள் நூறு வருடம். ஐம்பதுக்காக நூறை அழிப்பது நியாயமே இல்லை.

மாநகராட்சி எடுத்த முடிவு சரியானது என்று முழு மனதோடு சொல்வேன். எதையும் புதுசாக்கவில்லை. முதல் தளப் பெரிய அறைகளில் ஜார்ஜியன் அளவுகள் தெரியும்படி விட்டார்கள், ஆனால் பொன்முலாம் பூசிப் பளபளப்பாக்கவில்லை. பின்படியில் நீலமும் செங்காவியும் உரிந்த நிலையிலேயே நிற்கின்றன. காகித அடுக்குகளையும் லினோலியத் துண்டுகளையும் பத்திரப்படுத்தினார்கள். ஒண்டுக்குடித்தனக் காலத்து அறைகளை, அங்கேயே வளர்ந்தவர்கள் சொன்ன நினைவுகளை வைத்து அமைத்தார்கள். பிடுங்கிய பெரிய படிக்கட்டை மீண்டும் செய்து வைக்காதது எல்லாவற்றையும்விட நல்ல முடிவு. படிக்கட்டு இல்லை என்பதே இந்த வீட்டின் வரலாற்றில் ஒரு முக்கியச் சாட்சி. செய்து வைத்திருந்தால், அதை எடுத்தவர்களின் செயலையும் சேர்த்து மறைத்ததாகிவிடும். அந்தக் காலத்துப் படிக்கட்டு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு எதிரே 9-ம் எண் வீட்டில் பியர்ஸின் படிக்கட்டு தப்பிப் பிழைத்து நிற்கிறது. அதைக் காப்பாற்றியது கன்னியாஸ்திரீகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் அந்தப் பக்கத்து வீடுகளை எடுத்துக்கொண்டதால் அவை ஒண்டுக்குடித்தனமாகவே தொடரவில்லை.

ஒன்றாகப் பிறந்த 13, 14, 15 மூன்றும் இன்று மூன்று விதமாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். 13 ஒரு குடும்பத்தின் வீடு. 1970களில் வாங்கியவர்கள் அதில் வாழ்ந்துகொண்டே சிறுகச் சிறுகச் சரிசெய்தார்கள். 15-ல் அயர்லாந்தின் துருத்திக் குழலான இல்லன் பைப் வாசிப்பவர்களின் அமைப்பான நா பீபரி இல்லன் இருக்கிறது, அங்கே வகுப்புகளும் கச்சேரிகளும் நடக்கின்றன. 14 அருங்காட்சியகம். டப்ளின் போகிறவர்கள் 14-க்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள், வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போவதற்கு முன் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று மூன்று முகப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். வெளியிலிருந்து எது எந்த வாழ்க்கை வாழ்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதற்குப் பின்படி வழியாக மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.